வென்றவர் செய்த ஆசனம்

உலகில் எந்த மாறுதல் நேர்ந்தாலும் அதற்குக் 'காலச் சக்கரம்' என்று பெயரிட்டுவிட்டு வாளாவிருப்பது நம்மவரிடையே நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். பயிர் கெட்டால் காலம். பிள்ளை படிப்பில் பின்தங்கினால் காலம். கட்சி தோற்றால் அதுவும் காலம். மெர்சிங் பட்டணத்து ஒட்டுக்கடைகளிலும், சுற்றுப்புறத் தோட்டங்களின் லயங்களிலும் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் இவ்வழக்கத்தை நாம் காண்கின்றோம். "இந்த முறை இவர்கள் ஏறினால் அடுத்த முறை அவர்கள் ஏறுவார்கள், ஏறினவன் இறங்குவது உலக நடப்பு, இதில் நாம் செய்யக் கிடப்பது என்ன?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையை அசைத்துவிட்டு எழுந்து போகின்றார்.

இப்பேச்சு கேட்பதற்கு ஞானம்போல் தோன்றும். உள்ளே இருப்பதோ சோம்பல். ஒரு கட்சி அடையும் வெற்றியே அதன் எதிரியின் அடுத்த வெற்றிக்கு வித்தாகின்றது என்பது மெய்தானா? மெய்யாயின், அது இரவும் பகலும் மாறுவதுபோல் தானே நிகழ்வதா, அன்றி மனிதர் செய்த செயலின் பயனா? தானே நிகழ்வதாயின், நாம் வாக்குச் சாவடிக்குப் போவதும் போகாதிருப்பதும் ஒன்றே. செயலின் பயனாயின், அச்செயல் யாது, அதைச் செய்தவர் யார், அதனால் நலிந்தவர் யார் என்று விசாரிப்பது நம் கடமையாகும். ஆகவே இக்கேள்வியைச் சரித்திரத்தின் முன் வைத்து விடை கேட்போம்.

எட்டு மாத வெற்றி

முதலில் நம் வீட்டு வாசலில் நடந்ததையே பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி ஜொகூர் சட்டசபைத் தேர்தல் நடந்தது. 56 ஸ்தானங்களில் 40 ஸ்தானங்களைப் பாரிசான் நேஷனல் பெற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இவ்வெற்றியைக் கண்ட அக்கூட்டணித் தலைவர்களிற் பலர், நாடெங்கும் இதே காற்று வீசுகின்றது என்று முடிவு கட்டினர். பொதுத் தேர்தலை உடனே நடத்தவேண்டும் என்று நெருக்கினர். அக்டோபரில் பார்லிமெண்டு கலைக்கப்பட்டது. நவம்பர் 19-ஆம் தேதி மக்கள் அளித்த தீர்ப்பில், 222 ஸ்தானங்களுள் பாரிசானுக்குக் கிடைத்தவை 30 மட்டுமே. பக்காத்தான் ஹராப்பான் 82 பெற்று முதலில் நின்றது. நேற்றுவரை எதிரியாயிருந்த அவ்வணியின் தலைவர் பிரதம மந்திரியாவதற்குத் தோள் கொடுத்து, அவர் மந்திரி சபையில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளும் நிலைக்குப் பாரிசான் வந்தது.

மெர்சிங் பார்லிமெண்டுத் தொகுதியுள் எண்டாவ், தெங்காரோ என்னும் இரண்டு சட்டசபைத் தொகுதிகள் அடங்கியுள்ளன. மார்ச்சு மாதத்தில் தெங்காரோவில் பாரிசான் சார்பில் நின்ற ம.இ.கா. அபேட்சகர் வென்றார், எண்டாவ் பெரிக்காத்தான் நேஷனலுக்குப் போயிற்று. நவம்பரிலோ மெர்சிங் தொகுதி முழுவதும் சேர்ந்து பெரிக்காத்தான் அபேட்சகரையே பார்லிமெண்டுக்கு அனுப்பியது.

எட்டு மாதத்துக்குள் இவ்வாறு சுழலும் சக்கரம் எது? சக்கரம் ஒன்றும் சுழலவில்லை. வென்றவர் கணக்கைத் தவறாகப் படித்தனர். மார்ச்சில் வாக்குரிமை பெற்றோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே வாக்களித்தனர். அவ்வாக்குகளிலும் பாரிசானுக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு. எஞ்சியவை எதிரிகள் பலருக்குள் சிதறின. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வராதவன் பெயருக்கு நேரே 'சம்மதம்' என்று எந்தக் கிராணியும் எழுதுவதில்லை. 'வரவில்லை' என்றே எழுதுகின்றான். அரசியல் தலைவர்களோ வராதவர்களையும் தம் பக்கத்தில் பதிந்துகொண்டனர். நவம்பரில் அவர்கள் வந்தனர்.

எனினும், ஒரு மாநிலத்து எட்டு மாதத்தைக்கொண்டு இப்பெருங்கேள்விக்கு விடை கூறுதல் முறையாகாது. நம் நாட்டில் ஜனாதிபதி இல்லை. நாடு முழுவதும் ஒரே ஆசனத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இல்லை. அவ்வழக்கத்தை 1982 முதல் 2024 வரை ஒன்பது முறை நடத்திப் பார்த்த நாடு இலங்கை. அதை நாம் எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் பாட்டன்மார் மலாயாவில் பால்மரம் வெட்டக் கப்பலேறிய காலத்தில், அவர்களுடைய இனத்தாரே இலங்கை மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயினர். யாழ்ப்பாணத்தார் பலர் கிராணிமாராகவும் ரயில்வே உத்தியோகஸ்தராகவும் இங்கே வந்து நம்முடன் வாழ்ந்தனர். ஆகவே இலங்கைத் தேர்தல் கணக்கில் நம் உறவினர் பெயர் எழுதப்பட்ட வரிகளும் உண்டு. அடிக்கப்பட்ட வரிகளும் உண்டு.

பெயரை அடித்த வெற்றி

அடிக்கப்பட்ட வரியிலிருந்தே தொடங்குவோம். 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் டி. எஸ். சேனநாயக்கா தலைமையில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி 95 ஸ்தானங்களில் 42 பெற்றது. பெரும்பான்மைக்குப் பிறர் துணை வேண்டியதாயிற்று. மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரசார் சில ஸ்தானங்களைக் கைப்பற்றினர், எஸ். தொண்டமான் நுவரெலியாவிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு உதவிற்று.

வென்ற கட்சி செய்தது என்ன? தனக்கு வாக்களியாதவரைத் தன் பக்கம் திருப்ப அது முயலவில்லை. அவர்களுடைய வாக்கையே எடுத்துவிட்டது. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து பல லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. வடக்கிலிருந்து சென்ற தமிழ்ப் பிரதிநிதிகளின் கட்சி இது காரணமாகவே பிளந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் மந்திரி சபையில் அமர்ந்தார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் விலகி 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

1952-இல் ஐக்கிய தேசியக் கட்சி 54 ஸ்தானங்கள் பெற்றது. சூழ்ச்சி பலித்ததாகவே அனைவர்க்கும் தோன்றியது. ஆனால் அதனுள் ஒரு கணக்கு மறைந்திருந்தது. தொகுதிகளை வகுக்கும்போது தோட்டத் தமிழரின் தலைகள் எண்ணப்பட்டன, வாக்களிக்கும்போது எண்ணப்படவில்லை. அதனால் மலைநாட்டுச் சிங்கள நாட்டுப்புறத்து வாக்கு ஒவ்வொன்றுக்கும் நிறை கூடிற்று. அந்நிறை தனக்கே என்றும் பயன்படும் என்று ஆளுங்கட்சி எண்ணியது. 1956-இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று முழங்கி அந்நாட்டுப்புறத்தைத் தம் பக்கம் ஈர்த்தார். அவர் கூட்டணிக்கு 51 ஸ்தானங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 8. வென்றவர் எதிரியை ஒழிக்கச் செய்த கருவி எதிரியின் கையில் போய்ச் சேர்ந்ததை அந்நாடு முதன்முறையாகக் கண்டது.

ஊஞ்சல் ஆடிய இருபது ஆண்டுகள்

1956 முதல் 1977 வரை ஆறு பொதுத் தேர்தல்கள் நடந்தன. ஆறிலும் ஆட்சி கைமாறியது. 1960 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சி, அவ்வாண்டு ஜூலையிலேயே சுதந்திரக் கட்சி, 1965-இல் மீண்டும் ஐக்கிய தேசியக் கட்சி, 1970-இல் சுதந்திரக் கட்சிக் கூட்டணி, 1977-இல் திரும்பவும் ஐக்கிய தேசியக் கட்சி. சக்கரத்தை நம்புவோர்க்கு இதைக்காட்டிலும் நல்ல சாட்சி கிடைக்குமோ?

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வோம். 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு, சுதந்திரக் கட்சி தனித்துப் பெற்ற வாக்கைவிடச் சிறிது அதிகம். ஆயினும் அதற்குக் கிடைத்த ஸ்தானங்கள் 17; சுதந்திரக் கட்சிக்கோ 91. இடதுசாரிக் கட்சிகள் இரண்டு சுதந்திரக் கட்சியுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டதே இதற்குக் காரணம். மக்களின் மனம் சிறிது சாய்ந்தாற் போதும், ஸ்தானங்கள் மலைபோல் சரியும். வென்றவர் அம்மலையைக் கண்டனரேயன்றி, அதன் அடியில் சிறிதே சாய்ந்த மனத்தைக் காணவில்லை.

மலை ஏறியவர்கள் செய்ததைக் கேளுங்கள். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1972-இல் புதிய அரசியல் சட்டம் இயற்றி, அதைக்கொண்டே தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. 1971 ஏப்ரலில், முந்திய ஆண்டு அக்கூட்டணியின் வெற்றிக்காக உழைத்த சிங்கள இளைஞர்களே மக்கள் விடுதலை முன்னணி என்ற பெயரில் ஆயுதம் எடுத்தனர். அக்கலகம் இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. 1974-இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. 1977-இல் அக்கட்சிக்கு 168 ஸ்தானங்களில் 8 மிஞ்சின. இதனைக் காலத்தின் செயல் என்று சொல்வது, லயத்தில் பசியால் வாடிய தாய்மாரை மறப்பதாகும்.

ஆசனம்

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 140 ஸ்தானங்களைப் பெற்றது. வாக்குக் கணக்கில் அது பாதிக்குச் சற்றே மேல். அக்கட்சித் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா கூர்த்த அறிவினர். இருபது ஆண்டுகள் ஆடிய ஊஞ்சலை நிறுத்திவிடவேண்டும் என்று உறுதி கொண்டார். மந்திரி சபைக்கும் படைகளுக்கும் தலைமை, பதவியில் உள்ளவரை எவரும் வழக்குத் தொடர இயலாத காப்பு ஆகிய இவற்றோடு ஓர் ஆசனத்தை அவர் செய்தார். 1978 பிப்ரவரி 4-ஆம் தேதி அதில் தாமே அமர்ந்தார்.

பிறகு அதைச் சுற்றி வேலி கட்டினார். 1980-இல் எதிரியான சிறிமாவோவின் குடியுரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 அக்டோபரில் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில், தலைமை எதிரி களத்தில் இல்லாத நிலையில், ஜெயவர்த்தனா நூற்றுக்கு 52.91 பங்கு பெற்று வென்றார். வென்றவுடன் பொதுத் தேர்தல் நடத்தினால் 140 ஸ்தானங்களும் நிலைக்கமாட்டா என்று கண்டு, டிசம்பர் 22-ஆம் தேதி பொதுஜன வாக்கெடுப்பு ஒன்று நடத்தி, 1977-இல் தெரிந்தெடுத்த அதே பார்லிமெண்டை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டினார்.

ஊஞ்சல் நின்றது. 1977 முதல் 1994 வரை பதினேழு ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டது. அப்படியானால் வெற்றி எதிரியின் வெற்றியைப் பெறும் என்ற கூற்று பொய்யா? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். எதிரி வெல்லக்கூடிய வாயிலை அடைத்தால் எதிரியின் வெற்றி வாராமற் போகலாம். அதற்குப் பதில் கலகம் வரும். 1983 ஜூலையில் தமிழர் வீடும் கடையும் உயிரும் தீக்கிரையாயின. கொழும்பில் மட்டுமன்று, மலைநாட்டுப் பட்டணங்களிலும் அத்தீ பரவியது. அப்பழியை மக்கள் விடுதலை முன்னணியின்மீது சுமத்தி அதைத் தடை செய்தனர். அதன் தலைவர் 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்று நூற்றுக்கு 4.19 பங்கு பெற்றிருந்தவர். வாக்குப் பெட்டியின் வழி மூடப்பட்ட அவ்வியக்கம் 1987 முதல் 1989 வரை மீண்டும் ஆயுதக் கலகம் செய்தது. வடக்கிலும் போர், தெற்கிலும் போர். எத்தனை ஆயிரம் இளைஞர் மாண்டனர்!

இந்நிலையில் 1988 டிசம்பரில் இரண்டாம் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. அவ்வாண்டுதான், எஞ்சியிருந்த நாடற்ற தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. 1978 முதல் மந்திரி சபையில் இருந்த தொண்டமானின் தொழிற்சங்கம் ஆளுங்கட்சியை ஆதரித்தது. ஆளுங்கட்சியின் பிரேமதாசா 50.43 பங்கு பெற்றார். பாதிக்கு மேல் அரைப் பங்குகூட மிஞ்சாத அவ்வெற்றியில் ஒவ்வொரு வாக்கும் பொன்னாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன் வெற்றிக்காக எவர் பெயரை அடித்ததோ, அவர் வாக்கை நாடியே அக்கட்சி நின்றது. சரித்திரம் கற்பிக்கும் பாடம் இதைவிடத் தெளிவாக இராது.

ஆசனம் செய்தவர்க்கு அது நிலைத்ததா? 1993 மே தினத்தன்று பிரேமதாசா குண்டு வெடித்து மாண்டார். 1994 நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க நூற்றுக்கு 62.28 பங்கு பெற்று அவ்வாசனத்தில் ஏறினார். 1988-க்குப் பின் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் எவரும் மக்கள் வாக்கால் அவ்வாசனத்தை அடைந்ததில்லை. 2022-இல் ரணில் விக்கிரமசிங்க அதில் அமர்ந்தது பார்லிமெண்டு அங்கத்தினரின் 134 வாக்குகளால். அதற்கு முன்பே, 2020 பொதுத் தேர்தலில், அவர் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரே ஸ்தானம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை இது; ஆசனம் மட்டும் தேயவில்லை.

ஏறியவரும் இறங்கியவரும்

அதன்பின் வந்தவர்களின் கதையைச் சுருக்கிச் சொல்வோம். ஆசனத்தை உடைத்தெறிவேன் என்று சொல்லி ஏறுவதும், ஏறியபின் அதன் மெத்தையைத் தட்டிப் போட்டுக்கொள்வதும் அங்கே வழக்கமாயிற்று. சந்திரிகா அவ்வாறு வாக்களித்தார். ஆசனம் அப்படியே இருந்தது.

2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச 50.29 பங்கு பெற்று ரணிலை வென்றார். இருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறக்குறைய 1,81,000 வாக்குகள். அத்தேர்தலில் வடக்கிலிருந்த தமிழர் வாக்களியாதவாறு விடுதலைப் புலிகள் தடுத்தனர். ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே வாக்களித்தனர். யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான் என்ற எண்ணத்தின் விலையை, 2009 மே வரை நடந்த போரில் அம்மக்களே செலுத்தினர். வாக்கைத் தடுத்தவர்களும் தப்பவில்லை.

போர் வெற்றியின் பேரொலியில் 2010 ஜனவரியில் மகிந்த 57.88 பங்கு பெற்றார். எதிர்த்து நின்ற சரத் பொன்சேகாவைச் சில நாட்களில் கைது செய்தார்; இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாகலாகாது என்ற தடையை அவ்வாண்டு செப்டம்பரிலேயே நீக்கினார்; 2013-இல் பிரதம நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார். மூன்றாம் முறையும் வெல்வது திண்ணம் என்று எண்ணி, இரண்டு ஆண்டுகள் பதவிக்காலம் மீதமிருக்கத் தேர்தலை அழைத்தார். அவருடைய ஆஸ்தான சோதிடர் வெற்றியை உறுதியாகக் கூறியிருந்தார். 2015 ஜனவரி 8-ஆம் தேதி எண்ணியவை கிரகங்கள் அல்ல, வாக்குகள். அவர் மந்திரி சபையிலேயே இருந்து பிரிந்துபோன மைத்திரிபால சிறிசேன 51.28 பங்கு பெற்று வென்றார். வடக்கும் கிழக்கும் மலைநாடும் அவருக்குத் துணை நின்றன. தலைமைக்கு வரும் வழியைத் தம் குடும்பத்துக்கென்று மகிந்த அடைத்தபோது, எதிரியைத் தம் வீட்டிலேயே அவர் உண்டாக்கிவிட்டார்.

சிறிசேனவின் வெற்றி வீணானதற்குக் காரணமும் செயலே. ஜனாதிபதி ஒருபுறமும் பிரதம மந்திரி ரணில் ஒருபுறமும் இழுத்தனர். 2018 அக்டோபரில் ரணிலை நீக்கி, தாம் தோற்கடித்த மகிந்தவையே சிறிசேன பிரதம மந்திரியாக்கினார். நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி ஈஸ்டர் திருநாளில் குண்டுகள் வெடித்தன. முன்னறிவிப்புக் கிடைத்தும் அரசாங்கம் தடுக்கவில்லை. நவம்பரில் கோத்தபாய ராஜபக்ச 52.25 பங்கு பெற்றார். அநுராதபுரத்தில் பதவி ஏற்றபோது, சிங்களவர் வாக்கைக்கொண்டே வெல்ல முடியும் என்று தமக்குத் தெரிந்திருந்ததாகப் பேசினார். வெற்றி அவர் காதில் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அடுத்த மாதமே வரிகளைப் பெரிதும் குறைத்தார். 2020 ஆகஸ்டில் அவர் கட்சி 225 ஸ்தானங்களில் 145 பெற்றது. ஆசனத்தின் அதிகாரங்கள் மீண்டும் பெருக்கப்பட்டன. தடுத்துச் சொல்ல ஆளில்லை. 2021-இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் நிறுத்தினார். நெல்லும் தேயிலையும் நலிந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று கைவிரித்தது. ஜூலை 9-ஆம் தேதி மக்கள் அவருடைய மாளிகைக்குள் புகுந்தனர். 13-ஆம் தேதி அவர் நாட்டை விட்டு ஓடினார்.

இனி 2024 செப்டம்பர். சக்கரம் உண்மையாயின், 2019-இல் 41.99 பங்கு பெற்று இரண்டாமிடத்தில் நின்ற சஜித் பிரேமதாசவே வென்றிருக்கவேண்டும். அவருக்குக் கிடைத்தது 32.76. வென்றவர் அனுர குமார திசாநாயக்க, 2019-இல் 3.16 பங்கு மட்டுமே பெற்றிருந்தவர், 42.31 பங்கு பெற்று முதலில் நின்று, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணியபின் ஜனாதிபதியானார். அவருடைய கட்சி எது? 1971-இலும் 1987-இலும் வாயில் அடைபட்டு ஆயுதம் எடுத்த அதே மக்கள் விடுதலை முன்னணி. இம்முறை வாயில் திறந்திருந்தது, வாக்கோடு வந்தது. நவம்பர் பொதுத் தேர்தலில் அதன் தேசிய மக்கள் சக்தி 159 ஸ்தானங்கள் பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்றும் அதற்கே. ஆனால் 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில், பொதுத் தேர்தலில் 61 பங்குக்கு மேல் பெற்ற அக்கட்சிக்கு 43 பங்கே கிடைத்தது. 159 என்ற எண்ணை எவ்வாறு படிக்கவேண்டும் என்று மக்கள் எச்சரித்ததாகவே இதனை நாம் கொள்கின்றோம்.

விதியன்று, செயல்

ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களையும் ஒருங்கு வைத்து எண்ணுக. 1982, 1988, 1999, 2005, 2010 ஆகிய ஐந்தில் ஆண்ட பக்கமே வென்றது. 1994, 2015, 2019, 2024 ஆகிய நான்கில் தோற்றது. ஐந்தும் நான்குமாகப் பிரிவதை விதியென்று சொல்லுதல் கணக்கறிந்தோர்க்கு அழகாகாது.

பிற நாடுகளிலும் இவ்வாறே. அமெரிக்காவில் 1972-இல் நிக்சன் 50 ராஜ்யங்களில் 49-இல் வென்றார். 1974-இல் பதவி துறந்தார். 1976-இல் எதிர்க்கட்சி வென்றது. அவர் வெற்றி அவரைக் கெடுக்கவில்லை. தேர்தலுக்காக எதிரியின் காரியாலயத்தில் நடந்த திருட்டையும் அதை மறைத்த பொய்யையுமே நாம் குற்றம் சொல்லவேண்டும். அந்நாட்டிலேயே 1936-இல் 48 ராஜ்யங்களில் 46-ஐ வென்ற ரூஸ்வெல்ட் 1940-இலும் 1944-இலும் மீண்டும் வென்றார். பெருவெற்றி இருவர்க்கும் ஒன்றே, பயன் வேறு. தமிழ்நாட்டில் 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டசபைத் தேர்தலிலும் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறிமாறி வந்தன. அது அந்நாட்டு விதியென்றே பலர் பேசினர். 2016-இல் அ.தி.மு.க. தொடர்ந்து வென்றபோது அவ்விதி எங்கே ஒளிந்தது?

நம் நாட்டில் 2004-இல் பாரிசான் 219 ஸ்தானங்களில் 198 பெற்றது. அவ்வெற்றியின் மயக்கத்தில் கோயில்கள் இடிபட்ட புலம்பலும், தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியோர் துயரும் மேலிடத்தின் செவியில் ஏறவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி ஆயிரக்கணக்கான தமிழர் கோலாலம்பூர் வீதியில் நின்றனர். 2008 மார்ச்சில் ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் வென்றன, ம.இ.கா.வின் பார்லிமெண்டு ஸ்தானங்கள் ஒன்பதிலிருந்து மூன்றாயின. 198 என்ற எண்ணுக்குள் நாம் அடங்கியிருந்தோம். ஆனால் அவ்வெண்ணைப் பார்த்தவர் நம்மைப் பார்க்கவில்லை.

ஆகவே நம் கேள்விக்கு விடை இது. வெற்றி எதிரியின் வெற்றிக்கு வித்தன்று. வென்றவர், தமக்கு வாக்களியாதவரை இல்லாதவராகக் கருதி, அவரை என்றும் வெளியே நிறுத்தச் செய்யும் சட்டமும் ஆசனமுமே வித்து. அவை செய்தவரோடு அழிவதில்லை. அடுத்து வருபவர் கைக்குப் போகின்றன. இடையில் வெளியே நின்றவர் படும் துன்பமோ எந்தக் கட்சியின் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதிலிருந்து தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. ஒன்று, நாம் ஆதரித்த கட்சி வென்றாலும், அது தோற்றவரின் உரிமையைக் குறைக்க எழுதும் சட்டத்துக்குக் கைதட்டாதிருத்தல். அச்சட்டம் நாளை யார் கையில் இருக்கும் என்பதை நாம் அறியோம். மற்றொன்று, நம் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, நாள் வந்தபோது தவறாது போதல். சிறுபான்மையினரின் வாக்கு தனித்து எவரையும் ஏற்றிவிடாது என்பது மெய். ஆயினும் 50.29-க்கும் 50.43-க்கும் மேலே உள்ள அச்சிறு மிச்சத்தில் நம்மைப்போன்றோரே நிற்கின்றோம். மலைநாட்டில் நம் இனத்தார் பறிகொடுத்த வாக்கை முழுதும் மீட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. பறிக்கப்படாத வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரம் சுழலட்டும் என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருத்தல் நமக்குத் தகுமோ?